ஒரு குறையும் இல்லை என்றார் மோசஸ்

1

சேரம்பாடிச் சபையாருக்கு, கடல் தாண்டி இருக்கும் சாமுவேல் எழுதுவது. நம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி ஆயர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். ஆவிக்குரிய செய்தியும் இருக்க வேண்டுமாம். ஆயரே, நான் இங்கே டவுன் பஸ் ஓட்டுகிறவன். ஆவிக்குரிய செய்திக்கெல்லாம் நான் ஆள் இல்லை. மாட்டேன் என்று சொல்லத்தான் இருந்தேன்.

ஆனால் அந்தப் பதிவின் கடைசியில், ஆயருக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது. "அந்தக் கடுதாசி என்னாச்சுன்னு கேளுங்கய்யா." அம்மா ஊட்டுக்கு அடுத்த ஊட்டு ரோஸ்லின் அக்காவின் குரல். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒன்பது பெண்கள், மழைநாளில், கையெழுத்தும் கைநாட்டும் வைத்துக் கொடுத்த கடிதம் அது. வாங்கிக்கொண்டு விமானம் ஏறியவன், அது என்ன ஆனது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனவே இது மலருக்கு எழுதுவது அல்ல, உங்கள் ஒன்பது பேருக்கும் எழுதுவது. மற்றவர்களும் படிக்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டின் பெயரையோ முகாமின் பெயரையோ எழுதக் கூடாது என்பது கிரேஸ் அக்காவின் உத்தரவு. நமக்கு ஜூலையில் மழை என்றால் இங்கே ஜூலையில் பனி, அவ்வளவுதான் சொல்லலாம். மோசஸ் என்பதும் அவருடைய நிஜப் பெயர் இல்லை.

2

கிரேஸ் அக்கா குன்னூர்க்காரர். இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் அதிகாலை ஐந்து மணிக்கு அடுப்பின் முன்னால் நிற்கிறவர். அறுபதைத் தொட்டாயிற்று, முழங்கால் இரண்டும் வலிக்கும். லீவு நாளான சனிக்கிழமையில் காலை நீட்டி உட்கார வேண்டியதுதானே? மாட்டார். ஊருக்கு வெளியே நாற்பது நிமிடத் தூரத்தில் இருக்கும் தடுப்பு முகாமுக்குப் போவார். படகிலோ விமானத்திலோ வந்து, அகதி என்று சொல்லி, காகிதம் சரியாகும்வரை பூட்டி வைக்கப்பட்டிருப்பவர்களின் இடம் அது. "காகிதம் சரியாகும்வரை" என்று எழுதிவிட்டேன். சிலருக்கு அது ஆறு மாதம், சிலருக்கு ஆறு வருடம்.

வேக நெடுஞ்சாலையில் ஓட்ட அக்காவுக்குக் கண் சரியில்லை என்பதால், இங்கே எங்கள் சபையில் கார் ஓட்ட ஆள் கேட்டார்கள். என் மனைவி மெர்சி என் கையைத் தூக்கிவிட்டாள். அப்படி வந்ததுதான் என் ஊழியம். முதல் ஆறு மாதம் நான் உள்ளேயே போகவில்லை. கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவசரமாகக் கழிப்பறை தேவைப்பட்டது. அதற்கு உள்ளே போக வேண்டுமென்றால் பார்வையாளராகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தேன், உள்ளே போனேன், அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். இதைச் சாட்சியாகச் சொல்ல எந்தச் சபையில் இடம் கொடுப்பார்கள்?

உள்ளே போவதென்றால் லேசில்லை. ஐந்து நாளுக்கு முன்பே விண்ணப்பம். யாரைப் பார்க்க வருகிறீர்கள், எப்படிப் பழக்கம், உறவா? பர்ஸும் போனும் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும். மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒட்டுவார்கள். சமைத்த சாப்பாடு கொண்டுபோகக் கூடாது, கடை முத்திரை உடையாத பிஸ்கட் மட்டும். ஒருமுறை ஆசையாக நம்மூர்த் தேத்தூளில் டீ போட்டு பிளாஸ்கில் கொண்டுபோனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே பொத்தானை அமுக்கினால் வருமே, அந்தத் தண்ணீரைத்தான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நானும் மோசஸும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம்.

அக்கா பிரசங்கம் செய்து நான் பார்த்ததே இல்லை. அவர்களிடம் என்னதான் பேசுவீர்கள் என்று ஆரம்பத்தில் கேட்டேன். "என்னத்தப் பேசறதுங்க. போய் உக்காருவேன். அவுங்க பேசுனா கேப்பேன். பேசுலீன்னா நானும் சும்மா இருப்பேன்" என்றார். அப்படியே செய்தார். அறையில் இரவெல்லாம் தூக்கம் வராத ஒரு இளைஞன், முஸ்லிம் பையன், அக்காவின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்த சற்று நேரத்தில் தூங்கிப்போனான். அக்கா அசையாமல் ஒரு மணி நேரம் அவன் எதிரே உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் அவனை மெதுவாக எழுப்பி, "நல்லாத் தூங்குனியா சாமி" என்று தமிழிலேயே கேட்டார். அவனுக்கு என்ன புரிந்ததோ, சிரித்தான். இந்த மனுஷியைப் போல் என்னால் ஒருநாள்கூட இருக்க முடியாது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றும் அதேதான் நினைக்கிறேன்.

மோசஸை அங்கேதான் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவரும் மலையகத்து ஆள்தான், நம் பெற்றோர் கப்பலேறி வந்த அதே இலங்கைத் தோட்டப்பக்கம். கலவரத்துக்குப் பயந்து அவருடைய அப்பா குடும்பத்தோடு வடக்கே வன்னிக்குப் போய்க் குடியேறியிருக்கிறார். போர் முடிந்ததும் எல்லாரையும் முள்வேலிக்குள் போட்டார்கள். அதற்குப் பிறகு படகு. மனைவியும் மகளும் இன்னும் அங்கேதான். அவர் வாயைத் திறந்தால் என் அம்மா பேசுவது போலவே இருக்கும். லயம், தேத்தண்ணி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் என்று ஒவ்வொரு சொல்லும் நம் ஊட்டுச் சொல்.

பார்வை நாளன்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவார். பாதத்தை அழுத்தி ஊன்றாமல், கூழாங்கல் மேல் நடப்பவர் போல மெல்ல நடப்பார். போரில் பட்ட காயமாக இருக்கும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, மரியாதைக்காகக் கேட்காமல் இருந்தேன். எப்படி இருக்கீங்க என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். "ஸ்தோத்திரம் அண்ணே. ஒரு கொறையும் இல்ல." போகும்போது நாங்கள் அவருக்காக ஜெபிப்பதற்கு முன்னால் அவர் எங்களுக்காக ஜெபிப்பார். உங்களுக்கு என்ன ஜெபக்குறிப்பு அண்ணே, எதற்காக ஜெபிக்கட்டும் என்று என்னைக் கேட்பார். பூட்டுக்குள் இருப்பவர், வெளியே கார் வைத்திருப்பவனைக் கேட்கிறார். எனக்கு ஒன்றும் இல்லை மோசஸ், எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்பேன். என் மகள் ஏஞ்சல் கோயிலுக்கு வருவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. என்னோடு தமிழில் பேசுவதையும்தான்.

3

நான்காவது வருடம் அவருடைய விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பதின்மூன்று பக்கம். இலவசமாக வழக்காடும் ஒரு இளம் வழக்கறிஞர் அதை எங்களுக்கு வாசித்து விளக்கினார். ஒன்பதாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது. முதல் விசாரணையில், போருக்குப் பிந்திய முகாமில் உமக்கு என்ன நேர்ந்தது என்று அதிகாரி கேட்டிருக்கிறார். மோசஸ் சொன்ன பதிலை அப்படியே பதிந்திருந்தார்கள். கர்த்தருடைய கிருபையால் ஒரு குறையும் இல்லாமல் காக்கப்பட்டேன். அதன் கீழே அதிகாரியின் முடிவு இருந்தது. தமக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை என்று விண்ணப்பதாரரே சொல்கிறார், எனவே திரும்பிப் போவதில் அவருக்கு ஆபத்து இல்லை.

மொழிபெயர்ப்பில் பிழையே இல்லை. அதுதான் வினை.

மேல்முறையீட்டுக்கு ஒரு வழி இருந்தது, ஒரே ஒரு வழி. அந்த முள்வேலி முகாமில் நடந்ததை முழுமையாகச் சொல்ல வேண்டும், முதலில் ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணமும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் விமானம் ஏற்றிவிடுவார்கள் என்றார் வழக்கறிஞர். நடந்தது ஏதோ இருக்கிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருடைய இடது கை விரல்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால் மனிதர் அசையவில்லை.

"அண்ணே, அந்த முகாமுல சாகாம என்னய வெளிய கொண்டாந்தவரு கர்த்தரு" என்றார் மோசஸ். "இப்பப் போயி ஆபீசர் முன்னாடி அது நடந்துச்சு இது நடந்துச்சுன்னு முறுமுறுக்கச் சொல்றீங்களா? நான் மாட்டேன். எகிப்துல இருந்து மீட்டுக் கொண்டாந்தும் வனாந்தரத்துல முறுமுறுத்த சனத்துக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் வந்தது. திரும்பும் வழியெல்லாம் ஸ்டீயரிங்கைக் குத்திக்கொண்டே வந்தேன். பெண்டாட்டி பிள்ளையை நினைத்துப் பார்க்க வேண்டாமா, இப்படிப் பிடிவாதம் பிடிக்கிற ஆளுக்கு யார் என்ன செய்ய முடியும் என்று கத்தினேன். "அவரு பிடிவாதக்காரரில்லீங்க சாமுவேலு. நன்றியுள்ளவரு. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணாட்டம் தெரியும்" என்றார் அக்கா. பிறகு அவர் அழுதார். பதினோரு வருடமாக அங்கே போகிறவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

4

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. ரோஸ்லின் அக்கா அம்மா ஊட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தின் படத்தை மெர்சிக்கு அனுப்பியிருந்தார். மெர்சி நர்ஸ். படத்தில் எல்லாரும் முகத்தைப் பார்ப்போம், அவள் கையைப் பார்த்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த என் அம்மாவின் வலது கையில் மாவுக்கட்டு. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கட்டுப் போட்டு மூன்று வாரமாவது இருக்கும் என்றாள்.

மூன்று வாரம் என்றால் மூன்று ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்திருக்கிறேன். எப்படிம்மா இருக்க என்று கேட்டிருக்கிறேன். ஸ்தோத்திரம்யா, நல்லா இருக்கேன் என்று சொல்லியிருக்கிறார். ஏஞ்சல் அதைக் கேட்டுவிட்டு, இங்கிலீஷில், பாட்டி ஏன் பொய் சொன்னாங்க என்றாள். பொய் இல்லை, அது வேறு என்றேன். வேறு என்றால் என்ன என்றாள். பதினேழு வயதுப் பெண் நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். மறுநாளே டிக்கெட் போட்டேன்.

கோயம்புத்தூரில் இறங்கி, ஊட்டி ஏறி, கூடலூர் இறங்கி, தேவாலாவில் நின்ற பஸ்ஸில் நனைந்தபடி உட்கார்ந்து, சேரம்பாடி வந்து சேர்ந்தேன். என்னைப் பார்த்ததும் அம்மா கட்டுப்போட்ட கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

5

யானை இறங்கும் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே முடிகிற மாதிரி ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நம் ஊட்டில் மாதர் கூட்டம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள்தான் வந்திருந்தீர்கள். ஆனால் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தவனுக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

முதலில் பாட்டு, பிறகு சாட்சி நேரம். ஒவ்வொருவராக எழுந்தீர்கள். இந்த வாரம் முழுவதும் கர்த்தர் நடத்தினார், ஸ்தோத்திரம். என் அம்மாவும் எழுந்தார். "ஒரு கொறையும் இல்லாம இந்த வாரம் என்னயக் காத்தாரு. ஸ்தோத்திரம்." மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு சொன்னார். கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அச்சு அசல் மோசஸின் வார்த்தைகள், அதே குரல், அதே இழுப்பு.

பிறகு ரோஸ்லின் அக்கா நோட்டைத் திறந்து, ஜெபக்குறிப்பு சொல்லுங்க என்றார். அப்பாடா! ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு குறையும் இல்லாதவர்கள்தான் நீங்கள் எல்லாரும். மகனின் குடி, மருமகளின் கருச்சிதைவு, கொழுந்து குறைந்த பிறகு வேலை இல்லாத நாட்கள், மூட்டு, கர்ப்பப்பை, சுவரில் விழுந்த விரிசல், எல்லாம் வந்தது. அம்மாவின் முறை வந்தது. பாசி பிடித்த பைப்படியில் சறுக்கி விழுந்தது, சுளுக்கு என்று நினைத்து மூன்று நாள் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தது, ஜீப்பில் பந்தலூருக்குப் போனபோது குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலுக்கும் உயிர் போனது, தலை சீவ முடியாதது, ரோஸ்லின் குளிப்பாட்டிவிடும்போது கூசுவது, லயத்துப் பின்னால் யானை வந்து நிற்கும்போது தனியாகப் படுத்திருக்கப் பயமாக இருப்பது. வருடக்கணக்கில் போனில் கேட்டும் தெரியாத என் அம்மாவை அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். கடைசியாக, மகன் கவலைப்படாமல் இருக்க வேண்டும், அதற்கும் ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றார். நான் அடுப்படியில் அழுதுகொண்டிருந்தேன். டீ பொங்கி வழிந்தது அதனால்தான், ரோஸ்லின் அக்கா.

எல்லாரும் போனபின் அம்மாவைக் கேட்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை, வாராவாரம் கேட்டேனே?

"நீ எப்படி இருக்கன்னு கேட்டய்யா" என்றார் அம்மா. "அது சாட்சிக்குக் கேக்குற கேள்வி. அதுக்கு ஸ்தோத்திரம்னுதான சொல்லணும். ஜெபக்குறிப்பு என்னன்னு நீ ஒருநாளும் கேக்கலயே."

மோசஸின் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். அவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "அந்த ஆபீசரு சாட்சியக் கேட்டுருக்காரு, அவன் சாட்சியச் சொல்லியிருக்கான்" என்றார். "ரெண்டாவதக் கேக்க அங்க ஆள் இல்லயா?"

6

மோசஸின் மேல்முறையீட்டுக்குக் கடிதம் எழுதும் யோசனை அம்மாவுடையதுதான். மறுநாள் மழையால் பறிப்பு இல்லை. நீங்கள் ஒன்பது பேரும் வந்தீர்கள். ஆயரும் முத்திரையோடு வந்தார். நம் கூட்டங்களில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு, அதில் நன்றி மட்டும்தான் சொல்லுவோம். துன்பத்தை அதில் சொல்லுவது மரியாதை இல்லை. துன்பத்துக்குத் தனி நேரம் உண்டு, கேட்டால்தான் சொல்லுவோம், கேட்கிறவர் நம்மவராக இருக்க வேண்டும். நாமும் நம் பெற்றோரும் இலங்கைத் தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே இப்படித்தான். இதைத்தான் எழுதச் சொன்னேன்.

நீங்கள் விட்டீர்களா? கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று ரோஸ்லின் அக்கா ஒற்றைக் காலில் நின்றார். இது கவர்மெண்டுக்குப் போகிற கடிதம் என்றேன். கவர்மெண்டு மனிதர் இல்லையா என்றார். கடைசியில் முதல் வரி இப்படி அமைந்தது: கர்த்தர் கிருபையால் இங்கே நாங்கள் எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் சுகமாக இருக்கிறோம். அதற்குக் கீழே, உதாரணத்துக்கு என்று, ஒன்பது பேரும் அந்த வாரத்து ஜெபக்குறிப்பைச் சொன்னீர்கள். ஜெபக்குறிப்பு வெளியே போகக் கூடாது என்பது நம் சட்டம். (அது டீக்கடை வரைக்கும் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள்.) அந்தச் சட்டத்தை முன்பின் பார்த்திராத ஒரு மனிதனுக்காக மீறினீர்கள். குடிகார மகன்களையும் கர்ப்பப்பைகளையும் அந்நிய நாட்டு அதிகாரி படிக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டீர்கள். அம்மாவுக்கு வலது கை முடியாததால் இடது கைக் கட்டைவிரலை வைத்தார்.

நான் இங்கே திரும்பியதும் அதை இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தது ஏஞ்சல். நான் வாசித்து அர்த்தம் சொல்ல, அவள் தட்டினாள். இரண்டு மாலை ஆயிற்று. முதல் வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுக்காதீங்கப்பா, அதுதான் கேஸ் என்றாள். தமிழில் சொன்னாள். பாட்டி பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டால் அதிகாரிக்கும் புரியும் என்று தைரியம் வந்தது.

7

காரில் முகாமுக்குப் போகும்போது அம்மா சொன்னதைக் கிரேஸ் அக்காவிடம் சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "நாப்பது வருசமா ரெண்டும் சொல்லிட்டிருக்கறனுங்க. எனக்கே தோணுலியே" என்றார்.

அன்று பார்வையாளர் அறையில் கூட்டம் குறைவு. மோசஸ் தேய்த்த சட்டையோடு மெல்ல நடந்து வந்து உட்கார்ந்தார். அக்கா எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை. "ஏனுங்க மோசஸ், உங்க சாட்சி எனக்கு மனப்பாடமுங்க" என்றார். "இன்னிக்கு அது வேண்டாம். ஜெபக்குறிப்பு சொல்லுங்க."

மோசஸ் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"எல்லாமாக்கா?" என்றார்.

"எல்லாந்தானுங்க. மறச்சா நாங்க எதுக்குன்னு ஜெபிக்கறது?"

சொன்னார். அக்கா எழுதினார். மணி அடித்தது, காவலர் வந்து பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் அரை மணி நேரம் விட்டார். அந்தக் காவலருக்கு நல்லது நடக்கட்டும். அன்று மோசஸ் சொன்னதை நான் எழுத மாட்டேன், அது ஜெபக்குறிப்பு. ஒன்றை மட்டும் எழுதலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். முள்வேலி முகாமில் அவர் பக்கத்தில் நின்ற தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். தம்பி திரும்பவே இல்லை. தன்னை விட்டுவிட்டார்களே என்று அந்த நிமிடம் மோசஸ் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறார். அந்த ஸ்தோத்திரத்தை இத்தனை வருடமாக அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அதைச் சொன்னபோது அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டு அவருடைய விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது வழக்கம்போல, உங்களுக்கு என்ன ஜெபக்குறிப்பு அண்ணே என்றார். தன் உயிரைக் கொட்டி முடித்த மனிதர் அப்போதும் கேட்கிறார். இந்த முறை சொன்னேன். ஏஞ்சலைப் பற்றி, அவளிடம் பேச எனக்குத் தெரியாமல் போனது பற்றி. கண்ணை மூடி ஜெபித்தார். அவள் இன்றும் கோயிலுக்கு வருவதில்லை. ஆனால் மோசஸின் விசாரணைக்குப் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

விசாரணையில் மோசஸ் பேசினார், அக்கா சாட்சி சொன்னார், உங்கள் கடிதம் வாசிக்கப்பட்டது. முடிவு சொல்ல வேண்டியவர் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. முதல் வரியைப் படித்தார், ஒன்பது பேருடைய பாடுகளையும் படித்தார், திரும்ப முதல் வரிக்குப் போனார். இவர்கள் இரண்டையும் உண்மையாகத்தான் சொல்கிறார்களா என்று அக்காவைக் கேட்டார். ஆமாம், இரண்டும் உண்மை என்றார் அக்கா. அந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார்.

பிறகு ஐந்து வாரம் காத்திருப்பு. ஞாயிறு போனில் இப்போதெல்லாம் நான் அம்மாவிடம் ஜெபக்குறிப்பு என்ன என்றுதான் கேட்கிறேன். முதல் தடவை நாற்பது நிமிடம் பேசினார். முடித்ததும், உன்னோடது என்னய்யா என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

8

ஒரு வியாழக்கிழமை மதியம், பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வரும்போது வழக்கறிஞர் கூப்பிட்டார். தள்ளுபடி ரத்து, மோசஸ் தங்கலாம், நாளைக் காலை பத்து மணிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். நான் டிப்போ வாசலில் உட்கார்ந்து அழுதேன். தீர்ப்பில் உங்கள் கடிதத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருக்கிறது. நகல் எடுத்து ஆயருக்கு அனுப்புகிறேன். சபை மலரில் என் கட்டுரைக்குப் பதில் அதைப் போட்டாலும் சரிதான். ரோஸ்லின் அக்கா, உங்கள் கடிதம் ஜெயித்துவிட்டது.

மறுநாள் காலை நானும் கிரேஸ் அக்காவும் வாசலில் நின்றோம். சபையில் சமையல் நடந்துகொண்டிருந்தது, நாற்பது பேர் ஸ்தோத்திரக் கூட்டத்துக்குக் காத்திருந்தார்கள். மோசஸ் ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்தார். தேய்த்த சட்டை, அதே மெல்லிய நடை. பூட்டிய கதவு பின்னால் சாத்திக்கொண்ட சத்தத்தில் திரும்பிப் பார்த்தார். பிறகு எங்களிடம் வந்தார். நான் பழைய வழக்கத்திலேயே கேட்டுவிட்டேன். "எப்படி இருக்கீங்க மோசஸ்?"

"ஸ்தோத்திரம் அண்ணே, ஒரு கொற..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். அக்காவைப் பார்த்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"இந்தச் சப்பாத்து எனக்குச் சின்னது அண்ணே" என்றார். "வந்த அன்னிக்கு அவங்க குடுத்தது. கால் கடிக்குது."

"நாலு வருசமாவாங்க?" என்றார் அக்கா.

"நாலு வருசமாத்தான் அக்கா."

போர்க்காயம் என்று நான் மரியாதை செய்துகொண்டிருந்தது இதற்குத்தான். அக்கா காரில் ஏறி உட்கார்ந்து, சபைக்குப் போக வேண்டாம், முதலில் செருப்புக் கடைக்கு விடுங்க, அவுங்க காத்திருக்கட்டும் என்றார். கடையில் வேலை செய்யும் பையன் மண்டியிட்டு ஒரு ஜோடியை மாட்டிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று கேட்டான். மோசஸ் பழக்கத்தில் தலையாட்டப் போனார். பிறகு விரல் நுனியை அமுக்கிப் பார்த்துவிட்டு, இல்லை, இன்னும் கொஞ்சம் பெரியது வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னார். மூன்றாவது ஜோடிதான் அவருக்குச் சரியாக இருந்தது.